தலைவரின் முதல் சம்பள பில்: 2,50,000 என்று எழுதினால் மட்டும் போதாது

கேள்வி: சென்னையில் ஒரு மத்தியத் தீர்ப்பாயத்தின் நிர்வாகப் பிரிவில் பிரிவு அலுவலராக இருக்கிறேன். எங்களுக்குப் புதிய தலைவர் வந்திருக்கிறார். உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து 2024இல் ஓய்வு பெற்றவர். 2025 அக்டோபர் 8 அன்று பிற்பகல் 3 மணிக்குப் பொறுப்பேற்றார். இன்னும் முதல் சம்பள பில் போகவில்லை. மாதம் 2,50,000 ரூபாய் என்று போட்டால் போதும் என்கிறார் என் உதவியாளர். ஓய்வூதியத்தைக் கழிக்க வேண்டும் என்கிறது கணக்குப் பிரிவு. அவருடைய பி.பி.ஓ.வில் (ஓய்வூதியம் வழங்கும் ஆணையில்) மாத ஓய்வூதியம் 96,524 என்று இருக்கிறது. ஆனால் கம்யூட்டேஷன், அதாவது முன்கூட்டியே மொத்தமாக வாங்கிய பகுதி, போக வங்கியில் அடிப்படையாக வரவாவது 57,914தான். எதைக் கழிப்பது? அவர் தம் சொந்த வீட்டில் இருக்கிறார். தலைவருக்கு வீட்டு வாடகை 1,50,000 உண்டு என்கிறார்கள், அதைக் கொடுக்கலாமா? நியமன அறிவிக்கையில் பதவிக்காலம் 4 ஆண்டு என்று இருக்கிறது. 2025 நவம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அது 5 ஆண்டு ஆகிவிட்டதா? பணிக்கொடை, விடுப்புச் சம்பளம் எல்லாம் உண்டா?

பதில்: உங்கள் உதவியாளர் சொல்லும் தொகை சரி. கணக்குப் பிரிவு சொல்வதும் சரி. தீர்ப்பாயப் பணி நிபந்தனை விதிகள் 2021 செப்டம்பர் 15 அன்று வெளியாயின. அவற்றின்படி தலைவரின் சம்பளம் மாதம் 2,50,000, உறுப்பினரின் சம்பளம் 2,25,000. இரண்டும் நிலையான தொகைகள், ஆண்டு ஊதிய உயர்வு கிடையாது. அதே விதிகளில்தான் ஓய்வூதியம் பெறுகிறவர் என்றால் அவருடைய சம்பளத்திலிருந்து மொத்த ஓய்வூதியத் தொகையைக் குறைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. பலர் முதல் வரியைப் படித்ததோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

வழக்கறிஞர் ஒருவர் நேராகத் தலைவராக வந்திருந்தால், ஓய்வூதியம் ஏதும் இல்லாததால் 2,50,000 முழுதாகப் போகும். உங்களவர் ஓய்வுபெற்ற நீதிபதி. பணியில் இருக்கும் உயர் நீதிமன்ற நீதிபதிக்கு மாதச் சம்பளம் 2,25,000, தலைமை நீதிபதிக்கு 2,50,000. அந்தப் பணிக்கான ஓய்வூதியத்தையும் புதிய பதவியின் முழுச் சம்பளத்தையும் அரசுப் பணத்திலிருந்தே ஒருவர் சேர்த்துப் பெறக் கூடாது என்பதுதான் கழிப்பின் அடிப்படை.

முதலில் பி.பி.ஓ.வைப் பாருங்கள், அதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. உயர் நீதிமன்ற நீதிபதிகளின் ஓய்வூதியம் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே 19 அன்று தீர்ப்பளித்தது. வழக்கறிஞராக இருந்து வந்தவரா, மாவட்ட நீதிபதியாக இருந்து உயர்ந்தவரா, எத்தனை ஆண்டு பணியாற்றினார், கூடுதல் நீதிபதியாகவே ஓய்வு பெற்றாரா என்ற வேறுபாடெல்லாம் அதில் போய்விட்டது. உயர் நீதிமன்ற நீதிபதியாக ஓய்வு பெற்றவருக்கு ஆண்டுக்கு 13,50,000, தலைமை நீதிபதியாக ஓய்வு பெற்றவருக்கு 15,00,000. மாதக் கணக்கில் முறையே 1,12,500, 1,25,000. உங்கள் கையில் இருக்கும் பி.பி.ஓ.வில் 96,524 என்று இருக்கிறதென்றால், அது இந்தத் தீர்ப்புக்கு முன் போட்ட ஆணை, இன்னும் திருத்தப்படவில்லை. திருத்தம் வரும், நிலுவையோடு வரும். அது வரும் நாளில் நீங்கள் கழித்த தொகை போதாது என்று தணிக்கையில் தடை எழும்.

96,524ஐக் கழித்தால் சம்பளம் 1,53,476. 1,12,500ஐக் கழித்தால் 1,37,500. மாதம் 15,976 வித்தியாசம். பத்து மாதம் ஓடினால் 1,59,760 ரூபாயைத் தலைவரிடமே திருப்பிக் கேட்க வேண்டிய நிலை வரும். ஒரு தீர்ப்பாயத் தலைவருக்கு ‘கூடுதலாகப் பெற்றீர்கள்’ என்று கடிதம் வைப்பது எந்தப் பிரிவு அலுவலருக்கும் இனிக்கிற வேலையல்ல. ஆகவே இப்போதே இரண்டு காரியம் செய்யுங்கள். திருத்திய ஓய்வூதிய ஆணைக்கு விண்ணப்பித்தாரா என்று அவரிடம் கேளுங்கள். இல்லையென்றால், ஏஜி ஆபீஸ் என்று நாம் சொல்லும் கணக்காயர் அலுவலகத்துக்கு எழுதச் சொல்லி, அந்தக் கடிதத்தின் நகலை ஃபைலில் வையுங்கள். இரண்டாவதாக, ஓய்வூதியம் முன்தேதியிட்டுத் திருத்தப்பட்டால் கூடுதலாகப் பெற்ற சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளலாம் என்று ஓர் உறுதிமொழி வாங்குங்கள். திருத்தம் வரும் வரை பி.பி.ஓ.வில் உள்ள 96,524ஐக் கழிப்பதே சரி. வராத பணத்தைக் கழிக்க விதியில் இடமில்லை.

கம்யூட்டேஷன் விஷயத்தில் குழப்பமே வேண்டாம். விதி சொல்வது மொத்த ஓய்வூதியத்தை. அவர் ஓய்வூதியத்தின் ஒரு பகுதியைக் கம்யூட்டேஷனாக முன்கூட்டியே மொத்தமாக வாங்கிவிட்டார். அந்தப் பகுதியும் அவர் பெற்ற ஓய்வூதியமே. வங்கிக் கணக்கைப் பார்த்து 57,914ஐ மட்டும் கழித்தீர்கள் என்றால் மாதம் 38,610 ரூபாய் கூடுதலாகப் போகும். வங்கிப் பாஸ்புக்கை வைத்துக் கழிப்பது இந்த வேலையில் மிகப் பரவலான தவறு. பி.பி.ஓ.வின் முதல் பக்கத்தில் இருக்கும் எண்ணே உங்கள் எண். தலைவருக்குத் தம் மனைவியோ கணவரோ வழியாகக் குடும்ப ஓய்வூதியம் வந்தால் அதைக் கழிப்பில் சேர்க்காதீர்கள். அது அவருடைய பணிக்காக வருவதல்ல.

அடுத்தது அகவிலைப்படி. பெரிய தொகை தவறிப்போவது இங்கேதான். ஓய்வு பெற்ற பிறகு மறுபடி பணியில் அமர்த்தப்படுகிறவர்களுக்கு மத்திய அரசின் பொது நடைமுறை ஒன்று உண்டு: ஓய்வூதியத்தைக் கழிப்பதற்கு முந்தைய சம்பளத்தின் மேல் அகவிலைப்படி, பணியில் இருக்கும் காலத்துக்கு ஓய்வூதியத்தின் மேல் வரும் அகவிலை நிவாரணம் நிறுத்தம். 2025 ஜூலை 1 முதல் விகிதம் 58 விழுக்காடு. ஆக 2,50,000க்கு அகவிலைப்படி 1,45,000.

திருத்திய ஓய்வூதியத்தை வைத்துக் கணக்கிட்டால் மாதப் படம் இது. அலுவலகத்திலிருந்து சம்பளம் 1,37,500, அகவிலைப்படி 1,45,000, சேர்த்து 2,82,500. கணக்காயர் ஆணைப்படி ஓய்வூதியம் 1,12,500, நிவாரணம் இல்லாமல். இரண்டும் சேர்ந்து 3,95,000.

சிலர் கழித்த சம்பளமான 1,37,500 மேல் மட்டும் அகவிலைப்படி போட்டு, ஓய்வூதியத்தின் நிவாரணத்தைத் தொடர விடுகிறார்கள். போட்டுப் பாருங்கள்: 79,750ம் 65,250ம் சேர்ந்தால் அதே 1,45,000தான். எந்தத் தலைப்பிலிருந்து போகிறது என்பது மட்டும் மாறும். ஆபத்து எங்கே என்றால், உங்கள் அலுவலகம் முழுத் தொகைக்கு அகவிலைப்படி கொடுக்கிறது, ஓய்வூதியம் கொடுக்கும் வங்கிக்கு அவர் மறுபடி பணியில் சேர்ந்ததே தெரியாது, நிவாரணமும் ஓடிக்கொண்டிருக்கிறது. மாதம் 65,250, ஆண்டுக்கு 7,83,000 இரட்டைப் பட்டுவாடா. தடுக்க வழி எளிது. பொறுப்பேற்ற அன்றே அவருடைய பெயர், பி.பி.ஓ. எண், பணியேற்ற தேதி, அகவிலைப்படி எங்களால் வழங்கப்படுகிறது என்ற வாக்கியம், இத்தனையையும் ஒரே கடிதத்தில் எழுதி வங்கிக்கும் கணக்காயர் அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நீங்கள் இன்னும் அனுப்பவில்லை என்றால், பில் போடுவதற்கு முன் அதைச் செய்யுங்கள்.

அக்டோபர் மாதக் கணக்கில் இன்னொரு கண்ணி இருக்கிறது. பிற்பகலில் பொறுப்பேற்றவருக்குச் சம்பளம் மறுநாள் முதல்தான். அதனால் அக்டோபர் 9 முதல் 31 வரை, 23 நாள். சம்பளம் 1,37,500ஐ 31ஆல் வகுத்து 23ஆல் பெருக்கினால் 1,02,016. அகவிலைப்படி அதே முறையில் 1,07,581. கழிப்பையும் 23 நாளுக்கே செய்ய வேண்டும். சம்பளத்தை 23 நாளுக்குப் போட்டு, ஓய்வூதியத்தை மட்டும் முழு மாதத்துக்குக் கழித்த பில்களும் உண்டு. வங்கி அந்த மாதம் முழு நிவாரணமும் வரவு வைத்திருக்கும். அதில் 23 நாள் பங்கு, அதாவது 48,411, திரும்ப வர வேண்டும். இந்த எண்கள் எல்லாம் 1,12,500 என்ற ஓய்வூதியத்துக்கானவை. இப்போதைக்கு 96,524ஐக் கழிப்பதால், அதே முறையில் உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். அகவிலைப்படி மட்டும் மாறாது, அது முழுச் சம்பளத்தின் மேல் போடப்படுவது.

இனி வீடு. இதில்தான் சட்டம் மூன்று முறை திரும்பியிருக்கிறது, அதனால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

தீர்ப்பாயங்களின் பணி நிபந்தனைகளை ஒரே விதித்தொகுப்பில் கொண்டுவர 2017ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் 184ஆவது பிரிவு மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. அதன்கீழ் வந்த 2017 விதிகளை உச்ச நீதிமன்றம் 2019 நவம்பர் 13 அன்று ரத்து செய்தது. 2020 பிப்ரவரியில் புதிய விதிகள் வந்தன. அவற்றையும் எதிர்த்து வழக்கு நடந்தது. 2020 நவம்பர் 27 தீர்ப்பு, பதவிக்காலம் 5 ஆண்டாக இருக்க வேண்டும் என்றது. வீட்டைப் பொறுத்தவரை, அரசு குடியிருப்பு தர முயல வேண்டும், முடியாவிட்டால் தலைவருக்கு மாதம் 1,50,000, உறுப்பினருக்கு 1,25,000 வீட்டு வாடகைப்படியாக 2021 ஜனவரி 1 முதல் வழங்க வேண்டும் என்றது. 2021 ஏப்ரலில் ஓர் அவசரச் சட்டம் பதவிக்காலத்தை 4 ஆண்டாக்கியது. ஜூலை 14 அன்று அது ரத்தானது. ஒரு மாதத்துக்குள், ஆகஸ்ட் 13 அன்று, அதே 4 ஆண்டோடு தீர்ப்பாயங்கள் சீர்திருத்தச் சட்டம் ஒப்புதல் பெற்றது. அதை எதிர்த்த வழக்கில்தான் 2025 நவம்பர் 19 அன்று தலைமை நீதிபதி கவாய், நீதிபதி வினோத் சந்திரன் அமர்வு தீர்ப்பு சொன்னது. இந்தத் தொடரில் மனுதாரராகத் திரும்பத் திரும்ப வருவது நம் ஊரின் மெட்ராஸ் பார் அசோசியேஷன் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தீர்ப்பாயத் தலைவர்கள் வாங்கும் வாடகைப்படிக்குப் பின்னால் பாரிமுனையிலிருந்து போன மனுக்கள் இருக்கின்றன.

இதில் வீடு தொடர்பாகக் கவனிக்க வேண்டியது ஒரு நுணுக்கம். 2020 தீர்ப்பு சொன்ன 1,50,000 ஒரு படி. வீடு ஒதுக்கவில்லையா, கொடு என்பது அதன் தொனி. 2021 சட்டத்தின் 7(1) பிரிவு அதை வேறொன்றாக மாற்றியது. அதே சம்பள நிலையில் உள்ள மத்திய அரசு அலுவலருக்கு உரிய படிகள்தான் பொது விதி. தலைவர் வாடகைக்கு வீடு எடுத்தால் மட்டும், வழக்கமான வீட்டு வாடகைப்படியைவிடக் கூடுதலான வாடகையை ஈடு செய்யலாம். விதிகள் அதற்கு 1,50,000 என்று உச்சவரம்பு வைத்தன. ஆக, கொடுத்த வாடகையைத்தான் திருப்பித் தருவார்கள். மாதம் 90,000 வாடகை கொடுப்பவருக்கு 90,000தான், 1,50,000 அல்ல. வாடகையே கொடுக்காமல் சொந்த வீட்டில் இருப்பவருக்கு ஈடு செய்ய ஒன்றுமில்லை.

சொந்த வீட்டில் இருந்தாலும் வழக்கமான வீட்டு வாடகைப்படிக்குத் தடையில்லை. வீட்டு வாடகைப்படிக்கான நகரப் பிரிவுகளில் சென்னை எக்ஸ் பிரிவு. அகவிலைப்படி 50 விழுக்காட்டைத் தொட்ட பிறகு இந்தப் பிரிவுக்கு விகிதம் 30 விழுக்காடு. 2,50,000க்கு 75,000. இங்கேயும் கழிப்புக்கு முந்தைய சம்பளம்தான் அடிப்படை. உங்கள் தலைவருக்கு 2021 விதிகளின்படி நிச்சயமாக உரியது இந்த 75,000.

நவம்பர் 19 தீர்ப்பு 7(1) பிரிவையும் செல்லாது என்று ஆக்கிவிட்டது. நாடாளுமன்றம் தீர்ப்புக்கு இணங்கப் புதிய சட்டம் கொண்டுவரும் வரை 2020, 2021 தீர்ப்புகளின் வழிகாட்டல்களே நடப்பில் இருக்கும் என்றும் சொன்னது. அப்படியானால் அரசு வீடு ஒதுக்காத தலைவருக்கு 1,50,000 படியாகவே உரியது, சொந்த வீடா வாடகை வீடா என்ற கேள்வியே எழாது என்று வாதிட வலுவான இடமிருக்கிறது. என் கருத்தும் அதுவே. ஆனாலும் டி.டி.ஓ., அதாவது பில் போட்டுப் பணம் வழங்கும் அலுவலர், தம் பொறுப்பில் அந்தத் தொகையைப் பில்லில் சேர்க்கக் கூடாது. வாதம் வலுவாக இருப்பது வேறு, பணம் கொடுக்க ஆணை இருப்பது வேறு. 75,000ஐ இப்போதே கொடுங்கள். மீதி 75,000க்கு, தீர்ப்பின் தேதியைக் குறிப்பிட்டு, நிர்வாக அமைச்சகத்துக்கு விளக்கம் கேட்டு எழுதுங்கள். அரசு குடியிருப்புக்கு அவர் விண்ணப்பித்தாரா, காலியில்லை என்ற பதில் வந்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 2020 தீர்ப்பின் வாசகமே ‘வீடு தர இயலாவிட்டால்’ என்பதுதான். இயலவில்லை என்பதற்குத் தாள் இல்லாமல் கேட்டால் கடிதம் ஒரு கேள்வியோடு திரும்பி வரும்.

நாளை அவர் வாடகை வீட்டுக்கு மாறினால் வாடகை ஒப்பந்தம், மாத ரசீது, வங்கி வழிச் செலுத்தல், வீட்டு உரிமையாளரின் பான் எண் வேண்டும். மாத வாடகை 50,000ஐத் தாண்டினால் வாடகைக்காரரான அவரே 2 விழுக்காடு வரி பிடித்துச் செலுத்த வேண்டும். அலுவலகம் ஈடு செய்கிறது என்பதால் இந்தக் கடமை அலுவலகத்துக்கு மாறிவிடாது. இதைச் சொல்லாமல் விட்டதால் ஒப்பந்தம் முடியும்போது வட்டியோடு கட்ட நேர்வது உண்டு.

பதவிக்காலம் பற்றி. 2021 சட்டத்தின் 5ஆவது பிரிவு: தலைவருக்கு 4 ஆண்டு அல்லது 70 வயது, உறுப்பினருக்கு 4 ஆண்டு அல்லது 67 வயது, எது முந்தையதோ அது. நியமனத்துக்குக் குறைந்தது 50 வயது, ஒவ்வொரு பதவிக்கும் இரண்டு பெயர் பரிந்துரை என்ற 3ஆவது பிரிவின் பகுதிகளோடு இதுவும் நவம்பரில் வீழ்ந்தது. 2021 சட்டம் நடப்புக்கு வருமுன்பே தேர்வு முடிந்து, பிறகு நியமன ஆணை பெற்றவர்களுக்குத் தீர்ப்பு தனியாகப் பாதுகாப்பு கொடுத்தது: அவர்கள் தங்கள் தீர்ப்பாயத்தை அமைத்த பழைய தாய்ச் சட்டத்தின்படியும் முந்தைய தீர்ப்புகளின்படியும் தொடர்வார்கள். உங்கள் தலைவர் அந்த வகையில் வரமாட்டார், அவருடைய தேர்வு மிகப் பின்னால் நடந்தது. அவருக்குப் பொருந்துவது, புதிய சட்டம் வரும் வரை பழைய வழிகாட்டல்கள் என்ற பொதுப் பகுதி. 5 ஆண்டு என்று கேட்க அது அடிப்படை தருகிறது. இருந்தாலும் அறிவிக்கையில் இருக்கும் 4ஐ நீங்கள் பணிப்பதிவேட்டில் 5 ஆக்க முடியாது. அறிவிக்கையில் உள்ளதை உள்ளபடி பதியுங்கள், அடியில் ‘2025 நவம்பர் 19 தீர்ப்புக்கு உட்பட்டது’ என்று ஒரு குறிப்பு எழுதுங்கள். திருத்த அறிவிக்கை வந்தால் அதன் எண்ணையும் தேதியையும் அங்கே சேர்த்தால் முடிந்தது. உங்கள் பில் அமைச்சகம் போகும் நாளுக்குள் புதிய சட்டமோ விதியோ வந்திருக்கிறதா என்று அரசிதழை ஒருமுறை பார்த்துவிடுங்கள். இந்தத் துறையில் எட்டு ஆண்டில் நடந்ததைப் பார்த்தால் அது வீண் எச்சரிக்கை அல்ல.

நியமனத்துக்குப் பிறகு சம்பளம், படிகள், பணி நிபந்தனைகள் எதையும் அவருக்குப் பாதகமாக மாற்றக் கூடாது என்ற பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் ஓய்வூதியம் உயர்ந்து கழிப்பு கூடுவதை அது தடுக்காது. எட்டாவது ஊதியக் குழுவுக்குப் பின் நீதிபதிகளின் ஓய்வூதியம் உயர்ந்து, தீர்ப்பாய விதிகளில் 2,50,000 மட்டும் திருத்தப்படாமல் கிடந்தால் அலுவலகம் தரும் பங்கு சுருங்கும். விதிகளில் தொகை ரூபாயாக எழுதப்பட்டிருப்பதால் அது தானாக உயராது, விதியைத் திருத்த வேண்டும். தலைவர் இதைக் கேட்டால் இப்போதே சொல்லி வைப்பது நல்லது.

பணிக்கொடை இல்லை. தீர்ப்பாயப் பணிக்காக இரண்டாவது ஓய்வூதியமும் இல்லை. பணியில் இருக்கும்போதே நேராக இங்கே வரும் நீதிபதி அல்லது அரசு அலுவலர் என்றால் இந்தக் காலம் அவருடைய தாய்ப் பணியின் ஓய்வூதியத்துக்குச் சேரும். ஓய்வு பெற்ற பின் வந்தவருக்குச் சேராது. அவருக்குப் பங்களிப்பு வருங்கால வைப்பு நிதி விதிகள், 1962 பொருந்தும். முதல் பில்லிலேயே அதற்கான கணக்கைத் திறந்துவிடுங்கள், பின்னால் திறந்தால் முந்தைய மாதங்களின் அரசுப் பங்கைப் பெறுவது பெரும்பாடு.

விடுப்பு ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு, 8 நாள் தற்செயல் விடுப்பு. அவருக்கு விடுப்பு அனுமதிப்பது மத்திய அரசு. உறுப்பினர்களுக்குத்தான் அவர் அனுமதிப்பார். ஈட்டிய விடுப்பைக் கடைசியில் பணமாக்கலாம், ஆனால் முந்தைய பணியில் பணமாக்கியதையும் சேர்த்து உச்சவரம்பு 300 நாள். உயர் நீதிமன்றத்தில் 300 நாளும் வாங்கிவிட்டாரென்றால் இங்கே சேரும் 120 நாளோ 150 நாளோ பணமாகாது, எடுத்தால்தான் உண்டு. 240 நாள்தான் வாங்கியிருந்தால் 60 நாள் மிச்சம். இதற்கு உயர் நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்திலிருந்து, எத்தனை நாள் பணமாக்கப்பட்டது என்ற சான்று இப்போதே வாங்கி வையுங்கள். நான்கைந்து ஆண்டு கழித்து அந்தப் பழைய ஃபைலைத் தேடுவதைவிட இது சுலபம்.

வண்டியில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அலுவலகக் கார், அல்லது மாதம் 15,750ம் அதன் மேல் அகவிலைப்படியும் போக்குவரத்துப் படியாக. இரண்டில் ஒன்றுதான். எது என்று எழுத்தில் வாங்குங்கள். மருத்துவத்துக்கு மத்திய அரசு சுகாதாரத் திட்டம், அவருடைய சம்பள நிலைக்கு மாதப் பிடித்தம் 1,000. பதவியில் இருக்கும் வரை நடுவர் மன்றப் பணி எதையும் ஏற்கக் கூடாது என்பதையும் அவர் கவனத்துக்குக் கொண்டு செல்லுங்கள். ஓய்வுபெற்ற நீதிபதிகளிடம் முடியாத நடுவர் வழக்குகள் ஒன்றிரண்டு கையில் இருப்பது வழக்கம்.

வருமான வரியில் இரண்டு இடம் இடறும். ஓய்வூதியமும் இங்கே சம்பளம் என்ற தலைப்பில்தான் வருகிறது. புதிய வரி முறையில் கிடைக்கும் 75,000 ரூபாய் நிலையான கழிவு இரண்டுக்கும் சேர்த்து ஒருமுறைதான். வங்கி ஒரு 75,000, நீங்கள் ஒரு 75,000 என்று தனித்தனியே கழித்தால் ஆண்டு முடிவில் வரி குறையும், வட்டி அவர் தலையில் விழும். அடுத்தது கூடுதல் வரி. அலுவலகத்திலிருந்து ஆண்டுக்கு 33,90,000, ஓய்வூதியம் 13,50,000, வீட்டு வாடகைப்படி 9,00,000. கூட்டினால் 56,40,000. மொத்த வருமானம் 50 லட்சத்தைத் தாண்டுவதால் வரியின் மேல் 10 விழுக்காடு கூடுதல் வரி வருகிறது. உங்கள் சம்பளம் மட்டும் பார்த்தால் 50 லட்சம் தொடாது, அதனால் உங்கள் கணக்கில் இது தெரியவே தெரியாது. ஓய்வூதிய விவரத்தை அவரிடமிருந்து எழுத்தில் வாங்கி உங்கள் கணக்கிலேயே சேர்த்து வரி பிடியுங்கள். புதிய வரி முறையில் வீட்டு வாடகைக்கு விலக்கு இல்லை என்பதையும், எந்த முறை வேண்டும் என்பதையும் அதே தாளில் கேட்டுவிடலாம்.

இவ்வளவும் மத்திய அரசின் 2021 சட்ட அட்டவணையில் உள்ள தீர்ப்பாயங்களுக்கு: மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம், வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், கடன் மீட்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் போன்றவை. ஜிஎஸ்டி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு 2023இல் தனி விதிகள் வந்தன. தொகை அங்கேயும் 2,50,000தான், ஆனால் விதி எண்களை அங்கிருந்து எடுத்துப் போடாதீர்கள். மாநில அரசு அமைக்கும் தீர்ப்பாயங்களுக்கு அந்தந்த மாநில விதி.

பில்லோடு இணைக்க வேண்டியவை: அரசிதழ் அறிவிக்கை, நியமன ஆணை, பதவிப் பிரமாணமும் ரகசியக் காப்புப் பிரமாணமும் எடுத்த பதிவு, நேரம் குறித்த பொறுப்பேற்பு அறிக்கை, மருத்துவத் தகுதிச் சான்று, பி.பி.ஓ. நகல், கடைசிச் சம்பளச் சான்று, மேலே சொன்ன உறுதிமொழி, வங்கிக்கு எழுதிய கடிதத்தின் நகல். இவற்றில் பி.பி.ஓ.வும் நேரக் குறிப்பும்தான் பில் திரும்பி வரக் காரணமாகின்றன.

அமைச்சகத்துக்குப் போகும் கடிதத்தை மூன்றே கேள்வியோடு நிறுத்துங்கள். ஒன்று, அகவிலைப்படி கழிப்புக்கு முந்தைய 2,50,000 மேல் வழங்கப்படுவதை உறுதிப்படுத்த வேண்டும். இரண்டு, நவம்பர் 19க்குப் பின் வீட்டுக்கு 1,50,000 படியாக வழங்கலாமா. மூன்று, பதவிக்காலத்துக்குத் திருத்த அறிவிக்கை வருமா. பதிலுக்காகப் பில்லை நிறுத்தி வைக்க வேண்டாம். 96,524 கழித்த சம்பளம், அகவிலைப்படி, 75,000 வீட்டு வாடகைப்படி ஆகிய மூன்றிலும் விதியில் சந்தேகம் இல்லை, அவை இந்த மாதமே போகலாம். வீட்டுப் படியின் மீதியையும், ஓய்வூதியம் திருத்தப்பட்டால் வரும் பிடித்தத்தையும் பின்னர் தனி பில்லில் போட்டுக்கொள்ளுங்கள்.